போலி ஆன்டிவைரஸ்: அடையாளம் காண்பதும் அகற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நிமிடம் உங்கள் திரையில் சிவப்பு எச்சரிக்கை கத்திக்கொண்டிருந்தால், முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டு அதன்படி செய்யுங்கள். மற்றதை ஆற அமரப் படிக்கலாம். தெரிந்தவர்களின் கணினிகளைச் சுத்தம் செய்து கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

திரை முழுக்க எச்சரிக்கை, ஸ்பீக்கரில் அலறல், மூடவும் முடியவில்லை. இப்போது என்ன செய்வது?

அதிலிருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். அந்த எச்சரிக்கையின் உள்ளே எதையும் கிளிக் செய்யாதீர்கள். 'மூடு', 'வேண்டாம்', மூலையில் இருக்கும் பெருக்கல் குறி எல்லாமே பல நேரம் வெறும் படம்தான். எங்கே தட்டினாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். முதலில் ஒலியை நிறுத்துங்கள். சத்தம் நின்றாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

அடுத்து எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். இந்தப் பக்கங்கள் பிரவுசரை முழுத்திரைக்கு மாற்றி, முகவரிப் பட்டையை மறைத்துவிடுகின்றன. அதனால்தான் கணினியே பூட்டிக்கொண்டது போலத் தெரிகிறது. எஸ்கேப் முழுத்திரையைக் கலைத்ததும் தாவலை மூடிவிடலாம். மூட முடியாவிட்டால் ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்திப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மேக் என்றால் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லையா? பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். சேமிக்காத கோப்பு போகும், அவ்வளவுதான்.

பிரவுசரை மறுபடி திறக்கும்போது 'முன்பிருந்த பக்கங்களை மீட்கவா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 'சரி' கொடுத்து, விரட்டியதைத் தாங்களே திரும்பக் கூட்டி வந்தவர்கள் நிறையப் பேர்.

அது வெறும் வலைப்பக்கமா, இல்லை கணினிக்குள்ளேயே ஏதாவது புகுந்துவிட்டதா? எப்படித் தெரிந்துகொள்வது?

இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பிரவுசரை மூடுங்கள். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். எச்சரிக்கை வரவில்லையென்றால் நீங்கள் பார்த்தது ஒரு பக்கம் மட்டுமே. மூடியதோடு கதை முடிந்தது. இணைப்பு கொடுத்த பிறகு திரையின் மூலையில் சிறு பெட்டியாக எட்டிப் பார்த்து, அடியில் பொடி எழுத்தில் பிரவுசரின் பெயரோ ஏதாவது தளத்தின் பெயரோ தெரிந்தால் அது நோட்டிஃபிகேஷன். எப்போதோ ஒரு தளம் 'அலோ' அழுத்தச் சொன்னபோது நீங்கள் கொடுத்த அனுமதியின் பலன் அது. இணையமே இல்லாமல், பிரவுசரும் திறக்காமல், தனி ஜன்னலாக வந்து நின்றால்தான் உண்மையில் ஒரு நிரல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் பயம் குறையும். ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் துழாவ முடியாது. பிரவுசர் அதற்கு அனுமதிப்பதில்லை. 'ஸ்கேன் நடக்கிறது' என்று ஓடும் கோடு வெறும் அசைபடம். மேக் கணினியில் பார்த்தாலும் 'சி டிரைவில் 14 வைரஸ்' என்று காட்டும் பக்கங்கள் உண்டு. மேக்கில் ஏது சி டிரைவ்?

அசல் ஆன்டிவைரஸும் எச்சரிக்கத்தானே செய்கிறது? வித்தியாசம் எங்கே?

வேலையின் வரிசையில்தான் இருக்கிறது. அசல் நிரல் ஆபத்தான கோப்பைக் கண்டதும் அதைத் தனியே ஒதுக்கிவிட்டு, 'இன்ன கோப்பு, இன்ன இடத்தில் இருந்தது, ஒதுக்கிவிட்டேன்' என்று பிறகுதான் சொல்லும். போலி நிரல் முதலில் கத்தும். கத்தியதை நீக்கக் காசு கேட்கும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை.

எச்சரிக்கைக்குள் தொலைபேசி எண் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போலி. தன்னுடைய பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட்டே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அடுத்து வேகம். லட்சக்கணக்கான கோப்புகள் இருக்கும் டிஸ்க்கை முப்பது நொடியில் முழுக்க ஆராய்ந்துவிட்டதாகச் சொன்னால் அது ஆராயவே இல்லை. சில போலிகள் விண்டோஸின் சொந்தக் கோப்புகளையே வைரஸ் என்று பட்டியலிடும். வேறு சில தாங்களே குப்பைக் கோப்புகளை எழுதி வைத்துவிட்டு அவற்றையே 'கண்டுபிடிக்கும்'.

பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'ஆன்டிவைரஸ் 2009', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்', 'செக்யூரிட்டி டூல்' போன்ற பெயர்கள் எல்லாம் எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இருக்க வேண்டும் என்றே வைக்கப்பட்டவை. விண்டோஸின் பாதுகாப்புப் பக்கத்தை நிறம் முதல் கேடயப் படம் வரை அப்படியே நகலெடுத்த போலிகளும் வந்தன. எழுத்துப் பிழை இருந்தால் போலி என்பார்கள். ஒரு காலத்தில் அது நல்ல அளவுகோல். இப்போது மோசடிக்காரர்களும் பிழையில்லாமல் எழுதிவிடுகிறார்கள். பிழை இல்லாததால் அசல் என்று நம்பிவிடாதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டச்சு செய்து, நீங்களே அதைத் திறந்து பாருங்கள். எந்த ஆன்டிவைரஸ் உண்மையில் காவலுக்கு நிற்கிறது என்று அங்கே பெயர் இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸின் சந்தா முடிந்துவிட்டதாக ஒரு பெட்டி வந்தாலும் இதே வழிதான். அந்தப் பெட்டியைத் தொடாமல், நிரலை நேராகத் திறந்து தேதியைப் பாருங்கள்.

என்னிடம் இருக்கும் ஆன்டிவைரஸ் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று சோதிக்க முடியுமா?

முடியும். ஐகார் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு இதற்காகவே ஒரு சோதனைக் கோப்பு வைத்திருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட ஒரே வரி. எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டபடி அதை வைரஸ் போலவே பாவித்துப் பிடிக்கும். ஐகார் தளத்திலிருந்து இறக்கினால் பெரும்பாலும் இறங்கி முடிவதற்குள்ளேயே தடுக்கப்பட்டுவிடும். உங்கள் 'பாதுகாவலர்' அதைக் கண்டும் காணாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் பிடித்துவிட்டது என்பதற்காக மட்டும் நற்சான்றிதழ் கொடுத்துவிட வேண்டாம். இந்த ஒரு வரியை அடையாளம் காண ஒரு போலியும் கற்றுக்கொள்ளலாம்.

மோசமான தளங்கள் பக்கமே நான் போவதில்லை. பிறகு எப்படி வந்தது?

நல்ல தளங்கள் வழியாகவும் வரும். 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தளத்தைப் படித்துக்கொண்டிருந்தவர்களின் திரையில் திடீரென்று போலி ஸ்கேன் பக்கம் திறந்தது. பெயர் பெற்ற இணையத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரம் என்று சொல்லி இடம் வாங்கியவர்கள், சில நாள் ஒழுங்கான விளம்பரத்தை ஓடவிட்டு, பிறகு அதை மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டு மினியாபொலிஸின் ஸ்டார் டிரிபியூன் நாளிதழ்த் தளத்திலும் ஹோட்டல் விளம்பரம் என்ற பெயரில் இதே ஏமாற்று நடந்தது. அதனால் கண்ட கண்ட தளத்துக்குப் போனதால்தான் வந்தது என்று வீட்டில் இருப்பவர்களைக் குறை சொல்வது பெரும்பாலும் நியாயமில்லை.

மற்ற வழிகள் உங்களுக்குத் தெரிந்தவையே. இலவச நிரலோடு ஒட்டிக்கொண்டு வருவது, திருட்டு மென்பொருளின் 'கிராக்' கோப்போடு வருவது, 'இந்த வீடியோவைப் பார்க்க இதை நிறுவுங்கள்' என்று வருவது. வேறொரு வைரஸ் கூட்டி வருவதும் உண்டு: உலகம் முழுக்கப் பரவிய கான்ஃபிக்கர் புழு 2009 ஏப்ரலில், தான் பிடித்து வைத்திருந்த கணினிகளில் 'ஸ்பை புரொடெக்ட் 2009' என்ற போலியை இறக்கி, அதற்கு 49.95 டாலர் கேட்டது. புதிதாகப் பரவியிருப்பது மின்னஞ்சல். 'உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, இவ்வளவு பணம் எடுக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று ஒரு ரசீது வரும். பணம் எதுவும் எடுக்கப்பட்டிருக்காது. நீங்கள் அழைக்கும்போதுதான் எடுக்கத் தொடங்குவார்கள்.

இதில் இவ்வளவு பணமா இருக்கிறது?

இருக்கிறது. வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்றவற்றை விற்ற இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனம் பெலீஸ் நாட்டில் பதிவாகி, கீவ் நகரில் அலுவலகம் வைத்து நடந்தது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டபோது, ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்றது. 2012இல் 16.3 கோடி டாலர் செலுத்தும்படி தீர்ப்பு வந்தது. 2011 ஜூனில் எஃப்.பி.ஐ. பல நாட்டுக் காவல்துறைகளோடு சேர்ந்து பிடித்த இன்னொரு கும்பல் 9,60,000 கணினிகளில் போலியை நுழைத்து 7.2 கோடி டாலர் சுருட்டியிருந்தது.

முகமூடி போட்ட கும்பல்கள் மட்டும் இப்படிச் செய்கின்றன என்று நினைக்காதீர்கள். ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடரில் இலவசமாகக் கணினி பரிசோதனை செய்து கொடுத்தார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, பாப்-அப் வருகிறதா என்கிற மாதிரி. ஏதாவது ஒன்றில் டிக் போட்டிருந்தாலே 'மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) அறிகுறி உண்டு' என்று முடிவு வந்துவிடும். ஸ்கேன் என்று ஓடியதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. 2019இல் அந்த நிறுவனமும் மென்பொருள் செய்து கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தன. 2024இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற 'கணினி பழுதுபார்க்கும்' நிரல்களை விற்றவர்கள் 2.6 கோடி டாலர் கட்ட வேண்டியதாயிற்று. 'இலவச ஸ்கேன்' என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கை தானாகப் பின்வாங்கும், காரணம் இதுதான்.

உள்ளே நிறுவிக்கொண்டுவிட்டது என்று தெரிந்துவிட்டது. எப்படி அகற்றுவது?

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். நிரலின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது போனில் படம் எடுங்கள். பிறகு வங்கியிடம் பேசவும் உதவும். அதன் பெயரைத் தேடுபொறியில் போட்டு 'நீக்கும் நிரல்' தேடும்போது கவனம். அந்தத் தேடலில் முதலில் வரும் விளம்பரங்களில் பாதி, இன்னொரு காசு கறக்கும் நிரலுக்கே கொண்டு போகும்.

சாதாரண வழியை முதலில் முயன்று பாருங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்தவை மேலே நிற்கும். அன்இன்ஸ்டால் கொடுங்கள். 'நீக்கினால் கணினி ஆபத்தில் மாட்டும்' என்று கெஞ்சும், சலுகை விலை பேசும், கண்டுகொள்ளாதீர்கள். இன்று வரும் 'கணினி வேகப்படுத்தி' வகைகளில் பல இப்படியே போய்விடும்.

பிடிவாதக்காரர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறக்க விடமாட்டார்கள். அசல் ஆன்டிவைரஸை ஓட விடமாட்டார்கள். எந்த நிரலைத் திறந்தாலும் 'இதில் வைரஸ் உள்ளது' என்று மூடுவார்கள். பழைய போலிகள் பலவும் பிரவுசரை மட்டும் விட்டு வைக்கும் – பணம் கட்ட அது வேண்டுமே! இந்தப் பேராசையைப் பயன்படுத்தித்தான், போலியின் ஓட்டத்தை நிறுத்தும் ஆர்கில் என்ற சிறு கருவியை இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் கோப்புப் பெயரிலும் விநியோகித்தார்கள். பிரவுசர் என்று நினைத்துப் போலி வழிவிடும். உள்ளே போனதும் அது போலியையே நிறுத்திவிடும்.

அப்படிப்பட்ட பிடிவாதத்துக்கு சேஃப் மோட்தான் வழி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத்திரை மெனுவில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்களோடு ஒரு பட்டியல் வரும். 4 என்றால் சேஃப் மோட். 5 என்றால் இணைய வசதியோடு சேஃப் மோட். ஒரு எச்சரிக்கை: டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதி) பூட்டப்பட்டிருந்தால் இந்த வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று வேறொரு கருவியில் பார்த்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

சேஃப் மோடில் தேவையான நிரல்கள் மட்டுமே ஏறும். போலி பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். வேறொரு நல்ல கணினியில், தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே மால்வேர்பைட்ஸ், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் போன்ற ஸ்கேன் நிரல்கள் ஒன்றிரண்டை யு.எஸ்.பி.யில் இறக்கிக் கொண்டு வந்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் வேண்டாம். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், அதனால் போன மாதம் இறக்கியதை நம்பாதீர்கள். ஆர்கில் போன்ற கருவி ஓட்டத்தை நிறுத்துமே தவிர எதையும் அழிக்காது. அதை ஓட்டிய பிறகு ஸ்கேன் முடியும்வரை கணினியை அணைத்துப் போடக் கூடாது, போட்டால் போலி மறுபடி எழுந்துவிடும்.

இதற்கும் அடங்காவிட்டால் விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதிக்குப் போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி அணைந்து, விண்டோஸ் எழும் முன்பே ஸ்கேன் நடக்கும். கால் மணி நேரம் பிடிக்கும். திருடன் எழுவதற்கு முன்பே வீட்டைச் சோதனை போடுகிற முறை என்பதால் எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம்.

நீக்கியாயிற்று. அவ்வளவுதானா?

பலரும் நிறுத்திவிடும் இடம் இது. அடுத்த வாரமே 'மறுபடி வந்துவிட்டது' என்று போன் செய்வார்கள். போலி போன பிறகும் அது திறந்து வைத்த கதவுகள் திறந்தே கிடக்கும்.

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலையும், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள். அடையாளம் தெரியாதவை மணிக்கொரு முறை ஓடும்படி வைக்கப்பட்டிருக்கலாம். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களில் நீங்கள் போடாதவற்றைத் தூக்குங்கள். ஸ்கேன் முடிந்ததும் இணையமே வேலை செய்யவில்லையென்றால் பதறாதீர்கள். போலி உங்கள் இணைப்பைத் தன் வழியாகத் திருப்ப ஒரு புராக்ஸி வைத்திருந்து, அது போனதும் வழி அறுந்திருக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸில் புராக்ஸியை அணைத்தால் சரியாகும். குறிப்பிட்ட ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் தளப் பெயர்களை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று சொல்லும் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கடைசியாக, யாரும் பார்க்காத ஓர் இடம்: விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியல். 'இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே' என்று காவலாளியிடமே சொல்லி வைக்கும் இடம் அது. நீங்கள் எதையும் சேர்த்ததில்லை என்றால் அது காலியாக இருக்க வேண்டும்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைக் கையால் திருத்தச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூலையில் வரும் நோட்டிஃபிகேஷன் மட்டும்தான் தொல்லை.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாததை எல்லாம் நீக்குங்கள். இதற்கு எந்த ஸ்கேனும் தேவையில்லை.

மேக்கிலும் போனிலும் இந்தப் பயம் உண்டா?

மேக்குக்கு வைரஸ் வராது என்ற நம்பிக்கையை 2011 மே மாதம் 'மேக் டிஃபெண்டர்' உடைத்தது. அது அச்சு அசல் ஆன்டிவைரஸ் போலிருக்கும். வைரஸ் இருப்பதாக நம்ப வைக்க ஆபாசத் தளங்களைத் தானே திறந்து காட்டும். அந்த மாதக் கடைசியில் ஆப்பிள் அதற்கென்றே பாதுகாப்புப் புதுப்பிப்பு வெளியிட்டது. மேக்கில் இப்படி ஏதாவது மாட்டினால் ஆக்டிவிட்டி மானிட்டரில் அதை நிறுத்தி, அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரிலிருந்து குப்பைத் தொட்டிக்கு இழுத்து, செட்டிங்ஸில் லாகின் ஐட்டம்ஸையும் புரொஃபைல்ஸையும் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு கதை இன்னும் வேடிக்கை. 2014இல் கூகுள் பிளேயில் 'வைரஸ் ஷீல்டு' என்ற செயலி 3.99 டாலருக்கு விற்றது. 10,000 பேருக்கு மேல் வாங்கினார்கள். அது செய்த ஒரே வேலை, தட்டினால் கேடயத்தில் இருக்கும் பெருக்கல் குறியைச் சரிக்குறியாக மாற்றியதுதான். கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2019இல் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகம் 250 ஆண்ட்ராய்டு ஆன்டிவைரஸ் செயலிகளைச் சோதித்தபோது 80 மட்டுமே குறைந்தபட்சத் தேர்வில் தேறின. சில செயலிகள் பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத எல்லாவற்றையும் ஆபத்து என்றன. அவற்றில் சில, தங்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்க மறந்து தங்களையே வைரஸ் என்று காட்டிக்கொடுத்தன!

ஐபோனில் ஒரு செயலி இன்னொரு செயலிக்குள் எட்டிப் பார்க்கவே வழியில்லை. அதனால் 'உங்கள் ஐபோனில் வைரஸ் கண்டுபிடித்தோம்' என்று எந்தப் பக்கம் சொன்னாலும் பொய். காலண்டரில் எச்சரிக்கை வந்து விழுந்தால், தெரியாமல் சேர்ந்த காலண்டர் சந்தாவை நீக்குங்கள்.

பணம் கட்டிவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கலாம், வேகம்தான் முக்கியம். கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, மோசடி என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். அந்தக் கார்டை ரத்து செய்து புதிய எண்ணில் வாங்குங்கள். ஒருமுறை எடுத்தவர் மாதாமாதம் எடுக்கவும் வழி வைத்திருப்பார்.

விற்றவர்களிடமே கேட்டாலும் சில நேரம் திருப்பித் தந்திருக்கிறார்கள். அதன் காரணம் சுவாரசியமானது. சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து 13 கோடி டாலர் ஈட்டிய மூன்று போலி ஆன்டிவைரஸ் கும்பல்களின் கணக்குகளை அலசி 2011இல் வெளியிட்டார்கள். வங்கிக்குப் போகும் புகார்கள் ஓர் அளவைத் தாண்டினால் கார்டு வசதி பறிபோகும் என்பதால், தாண்டாமலிருக்க அளந்து அளந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே வங்கியிடம் கொடுக்கும் புகார் வீணில்லை. அது அவர்களின் கழுத்தைப் பிடிக்கும் இடம். கிஃப்ட் கார்டு எண்ணைச் சொல்லியிருந்தால் ரசீதோடு அதை வெளியிட்ட நிறுவனத்தை உடனே அணுகுங்கள்.

சில மாதம் கழித்து 'பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று யாராவது தாமாக அழைத்தால், அதே கும்பல்தான். பெரிய தொகை தவறுதலாக வந்துவிட்டதாகத் திரையில் காட்டி, மிச்சத்தை அனுப்பச் சொல்வார்கள். வந்ததாகக் காட்டிய தொகையே பொய்.

போனில் பேசியவரிடம் கணினியையே ஒப்படைத்துவிட்டேன். என்ன காட்டினார் தெரியுமா, நூற்றுக்கணக்கான பிழைகள்!

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்திருப்பார். அங்கே சிவப்பும் மஞ்சளுமாகப் பிழைகள் எந்த ஆரோக்கியமான விண்டோஸிலும் இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இன்னொரு வித்தை: கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்து, 888 என்று தொடங்கும் நீண்ட எண்ணைப் படித்துக் காட்டி 'இது உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய எண், எங்களிடம் பதிவாகியிருக்கிறது' என்பார்கள். அந்த எண் எல்லா விண்டோஸ் கணினியிலும் ஒன்றேதான்.

தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல கருவிகள்தான். கை மாறியதுதான் சிக்கல். இணையத்தைத் துண்டித்து, அவர் போடச் சொன்ன எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தொலைக்கட்டுப்பாட்டு நிரல்களை அவர் விட்டுச் சென்றிருக்கலாம். புதிதாக யூசர் கணக்கு முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி. மின்னஞ்சலில் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' கொடுத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

இப்படியானால் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போடுவதே மேல் அல்லவா?

அந்நியர் கை கணினிக்குள் போயிருந்தால், ஆம். அந்த அரை மணி நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று எந்த ஸ்கேனும் முழுக்கச் சொல்லாது. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்து, நிரல்களை எடுக்காமல், சுத்தமாகப் போடுங்கள். வெறும் வலைப்பக்கத்தைப் பார்த்ததற்காக ஃபார்மட் செய்யச் சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

இனி எந்த ஆன்டிவைரஸ் போடட்டும்?

விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது என் கருத்து. வேறு வேண்டுமென்றால் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகங்களின் முடிவுகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று! இரண்டு காவலாளிகள் ஒருவரையொருவர் திருடன் என்று பிடித்துக்கொண்டால் கணினி நகராது. அதோடு நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்றும், தினசரி வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத ஒரு யூசர் கணக்கும் இருந்தால், மேலே சொன்ன வழிகளில் பல அடைபட்டுவிடும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் சொல்லாதீர்கள். 'திரையில் போன் எண் வந்தால் அதற்கு அழைக்காமல் எனக்கு அழையுங்கள்' என்ற ஒரு வரி போதும். பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டிக் கொடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைப்பார், கார்டை ரத்து செய்யும் நேரம் கடந்துவிடும்.

சந்தேகமான கோப்பு ஒன்று கையில் இருக்கிறது. திறக்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டா?

வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல பத்து ஆன்டிவைரஸ்கள் அதைப் பற்றிச் சொல்வது ஒரே பக்கத்தில் தெரியும். ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பாதிக்கு மேல் காட்டினால் அழித்துவிடுங்கள். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றிய கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும்.